பழைய ரேடியோவின் பூர்வீகம்: பினாங்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லோரோங் கூலிட் சந்தையில் ஒரு பழைய ரேடியோவைக் கையில் எடுத்துப் பின்பக்கம் திருப்பினால் போதும், பக்கத்தில் நிற்பவர் பேச்சுக் கொடுத்துவிடுவார். எந்த நாட்டுப் பெட்டி, எத்தனை வருஷம் இருக்கும், பாடுமா என்ற மூன்றும் எப்போதும் வரும். அப்புறம் அவரவர் வீட்டில் இருந்த பெட்டியைப் பற்றிக் கேட்பார்கள். அடிக்கடி காதில் விழும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். பினாங்கை வைத்து எழுதினாலும் கோலாலம்பூர்க்காரர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

பழைய ரேடியோ தேட எங்கே போவது?

பினாங்கில் முதல் இடம் லோரோங் கூலிட்தான். ஜார்ஜ் டவுனில் சிட்டி ஸ்டேடியத்தை ஒட்டிக் காலையில் கூடும் சந்தை. முன்பு இதே வியாபாரம் ரோப் வாக் எனப்படும் பிந்தால் தாலி சாலையில் நடந்தது. வெயில் ஏறுவதற்குள் நல்ல பெட்டிகள் கைமாறிவிடும், அதனால் சீக்கிரம் போய்விடுங்கள்.

இரட்சணிய சேனையின் பழம்பொருள் கடைகள், சூ சி என்ற பௌத்தத் தொண்டு அமைப்பின் மறுசுழற்சி நிலையங்கள், ஜப்பானிலிருந்து கன்டெய்னரில் வரும் பழைய சாமான்களை விற்கும் கடைகள் எல்லாம் பார்க்க வேண்டியவை. கோலாலம்பூர்ப் பக்கம் என்றால் பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலில் வார இறுதியில் கூடும் சந்தைக்குப் போகலாம்.

எந்தக் கடையில் வாங்கினோம் என்பதே ஒரு தடயம். கன்டெய்னர் கடையில் எடுத்த பெட்டி நேற்று வரைக்கும் ஜப்பானில் இருந்திருக்கும். பழைய பேப்பர் லாரிக்காரர் கொண்டுவந்து போட்டது இந்தத் தீவிலோ, அக்கரையில் பட்டர்வொர்த், நிபோங் தெபால் பக்கமோ ஒரு வீட்டில் பல காலம் பாடிக்கொண்டிருந்ததாக இருக்கும். எனக்கு இரண்டாவது வகைதான் பிடிக்கும். காசு கொடுக்கும்போதே "எந்தப் பக்கத்து வீட்டுல எடுத்தீங்கண்ணே?" என்று கேட்டுவிடுங்கள். அடுத்த வாரம் கேட்டால் அவருக்கு நினைவிருக்காது.

வாங்கி வந்ததும் முதலில் என்ன செய்வது?

துடைக்காதீர்கள். மின்சாரத்திலும் சொருகாதீர்கள். சொருகக் கூடாததற்குக் காரணம் பின்னால் வருகிறது.

துடைக்க வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. டயல் கண்ணாடியில் நிலையப் பெயர்கள் பெரும்பாலும் கண்ணாடியின் உள்பக்கத்தில் அச்சிடப்பட்டவை. அறுபது எழுபது வருஷப் புழுக்கத்தில் அந்த மை பிடிமானம் இழந்திருக்கும். ஈரத் துணியால் ஒரு இழு இழுத்தால் கொழும்பும் டெல்லியும் துணியோடு வந்துவிடும். வால்வுகளின் (டிரான்ஸிஸ்டர் வருவதற்கு முன் ரேடியோவுக்குள் இருந்த கண்ணாடிக் குழல்கள்) மேல் அச்சிட்ட எழுத்தும் அப்படித்தான், விரல் பட்டாலே போகும். இந்த இரண்டும்தான் பெட்டியின் பிறப்புச் சான்றிதழ். போனால் திரும்பாது.

ஆகவே முதலில் படம் எடுங்கள். முன்பக்கம், பின் அட்டை, அடிப்பக்கம், ப்ளக், வயர், உள்ளே ஒட்டிய காகிதம் எல்லாவற்றையும் தூசியோடு எடுங்கள். தூசி தட்ட உலர்ந்த பெயின்ட் பிரஷ் போதும். டயலின் வெளிப்பக்கத்தை மட்டும் வேண்டுமானால் லேசான ஈரத்தில் துடைக்கலாம். உள்பக்கம் கை வைக்காதீர்கள்.

பிலிப்ஸ் என்றால் ஹாலந்து, புஷ் என்றால் இங்கிலாந்து. அதற்கு மேல் பூர்வீகத்தில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. ஒரு பெட்டிக்குப் பூர்வீகம் மூன்று. எங்கே செய்தார்கள் என்பது ஒன்று. எந்த ஊர்க்காரர் கேட்பதற்காகச் செய்தார்கள் என்பது இரண்டு. இங்கே வந்த பிறகு எந்த மாதிரி வீட்டில் இருந்தது என்பது மூன்று. முதல் கேள்விக்கான பதில் பின் அட்டையில் இருக்கும். இரண்டாவது டயலில் இருக்கும். மூன்றாவதை யாரும் அச்சடித்துத் தரவில்லை. கறையிலும் கீறலிலும் ரிப்பேர் செய்த இடத்திலும்தான் தேட வேண்டும். சேகரிப்பவர்களில் பாதிப் பேர் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள் என்பது என் வருத்தம்.

டயலைப் பார்த்து எதையெல்லாம் சொல்லலாம்?

இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

முதலில் அலைவரிசைகளைப் பாருங்கள். நீண்ட அலை இருந்தால், அந்தப் பெட்டி ஐரோப்பியக் குடும்பத்துக்காகச் செய்தது. நம் பக்கத்தில் நீண்ட அலையில் ஒலிபரப்பு கிடையாது, அதனால் கிழக்கே ஏற்றுமதி செய்த பெட்டிகளில் அதை விட்டுவிட்டுச் சிற்றலையை இரண்டு மூன்று பட்டைகளாக விரித்துக் கொடுப்பார்கள். ஆக, ஒரே நிறுவனத்தின் ஒரே மாதிரி மரப்பெட்டியில் ஒன்றில் நீண்ட அலையும் மற்றொன்றில் மூன்று சிற்றலைப் பட்டைகளும் இருந்தால், முதலாவது யாரோ ஒரு வெள்ளைக்கார மேனேஜர் ஊரிலிருந்து கூடவே கொண்டுவந்ததாக இருக்கலாம். இரண்டாவது இங்கே கடையில் விற்றதாக இருக்கலாம். இதை உறுதி என்று சொல்லமாட்டேன், தேடலைத் தொடங்க நல்ல இடம் என்பேன்.

அடுத்தது ஊர்ப் பெயர்கள். ஹில்வெர்சம், லக்ஸம்பர்க், அத்லோன், பெரோமூன்ஸ்டர், மோத்தாலா என்று இருந்தால் ஐரோப்பிய டயல். லைட், ஹோம், தேர்டு என்று இருந்தால் பிரிட்டிஷ் டயல், அதுவும் காலம் சொல்லும் டயல். பிபிசியின் லைட் புரோகிராம் 1945 ஜூலையில் தொடங்கியது, தேர்டு புரோகிராம் 1946 செப்டம்பரில் வந்தது. 1967 செப்டம்பர் இறுதியில் அந்தப் பெயர்கள் போய் ரேடியோ 1, 2, 3, 4 என்று ஆகிவிட்டன. மூன்று பெயரும் இருக்கும் டயல் 1946-க்கு முன் வந்திருக்காது. அதில் வி.எச்.எஃப். எனப்படும் பண்பலைப் பட்டையும் இருந்தால் 1955 அல்லது அதற்குப் பிந்தையது என்று வைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் பிபிசி இங்கிலாந்தின் ரோத்தமிலிருந்து பண்பலையை முறையாகத் தொடங்கியது அந்த வருஷம் மே மாதம்.

யூ.கே.டபிள்யூ. (பண்பலைக்கு ஜெர்மன் மொழிச் சுருக்கம்) என்று ஒரு பட்டை இருந்தால் அது பெரும்பாலும் ஜெர்மன் பெட்டி: குருண்டிக், டெலிஃபுங்கன், நார்ட்மெண்டே, சபா, பிளாவ்புங்க்ட் போன்றவை. போர் முடிந்து அலைவரிசைகளைப் பங்கிட்டபோது ஜெர்மனிக்கு மத்திய அலையில் போதிய இடம் கிடைக்கவில்லை. அதனால் அவர்கள் 1949-லேயே பண்பலைக்குப் போனார்கள். ஐம்பதுகளின் ஜெர்மன் பெட்டியில் இன்றும் மின்னல் எஃப்எம் கேட்க வாய்ப்பு இருப்பது அதனால்தான். ஒரே சிக்கல், அந்தக் காலப் பெட்டிகள் பல 100 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும். அதற்கு மேல் இருக்கும் நிலையங்கள் எட்டாது.

டயலில் சிறு முக்கோணக் குறி இரண்டு, 640-லும் 1240-லும் தெரிகிறதா? அமெரிக்கச் சந்தைக்குச் செய்த பெட்டி. அணுகுண்டுத் தாக்குதல் வந்தால் மக்கள் அந்த இரண்டு இடங்களில் கேட்க வேண்டும் என்று அமெரிக்க அரசு 1953 முதல் 1963 வரை வைத்திருந்த ஏற்பாடு. ஜப்பானில் செய்து அமெரிக்காவுக்கு அனுப்பிய சின்ன டிரான்ஸிஸ்டர்களிலும் இந்தக் குறி உண்டு.

எண்களுக்குப் பக்கத்தில் கிலோசைக்கிள் என்று இருந்தால் பெரும்பாலும் எழுபதுகளுக்கு முந்தையது. கிலோஹெர்ட்ஸ் என்றால் அதற்குப் பிந்தையது. இது தோராயக் கணக்குதான்.

என் ஜப்பான் பெட்டியில் எஃப்எம் இருக்கிறது, ஆனால் ஒன்றிரண்டு நிலையம் தவிர எதுவும் எடுக்கவில்லை. பழுதா?

பழுதாக இருக்காது. டயலைப் பாருங்கள், 76 முதல் 90 வரை இருக்கும். அந்தக் கால ஜப்பானின் பண்பலைப் பட்டை அது. நம்முடையது 87.5 முதல் 108 வரை. இரண்டும் ஒட்டும் சின்ன இடத்தில் எது விழுகிறதோ அதுதான் கேட்கும். ஜப்பான் உள்நாட்டுக்கென்று செய்த பெட்டி என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

ஆனால் கவனம். அதே பெட்டி 100 வோல்ட்டுக்குச் செய்தது. நம் 240 வோல்ட்டில் நேராகச் சொருகினால் அன்றோடு சரி. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் தொடாதீர்கள்.

பின் அட்டையில் நாட்டின் பெயர் எழுதியிருக்கும் விதத்தில் காலம் தெரியுமா?

பல சமயம் தெரியும். "மேட் இன் ஆக்குபைடு ஜப்பான்" என்றால் 1947-க்கும் 1952-க்கும் இடைப்பட்டது. "மேற்கு ஜெர்மனி" என்றால் 1949 முதல் 1990 வரை எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம். "எம்பயர் மேட்" என்று நாட்டின் பெயரே சொல்லாமல் இருந்தால் பெரும்பாலும் ஹாங்காங். சோனி என்று முன்னால் இருந்து, உள்ளே டோக்கியோ சூஷின் கோக்யோ என்று இருந்தால் 1958-க்கு முந்தையது, அந்த நிறுவனம் தன் பெயரையே சோனி என்று மாற்றிக்கொண்டது 1958 ஜனவரியில்தான். அப்படி ஒன்று கிடைத்தால் பேரம் பேசாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

நேஷனலும் பானாசோனிக்கும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், இரண்டும் மட்சுஷிதா. நம் ஊரில் விற்றது நேஷனல் என்ற பெயரில். அமெரிக்காவில் அந்தப் பெயரை வேறொருவர் ஏற்கெனவே பதிந்து வைத்திருந்ததால் பானாசோனிக் என்று விற்றார்கள். அறுபதுகளின் பெட்டியில் பானாசோனிக் என்று இருந்தால் வோல்ட் எண்ணைப் பாருங்கள். 120 என்றால் அமெரிக்காவைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது.

பிலிப்ஸ் பெட்டியின் எண்ணை எப்படிப் படிப்பது?

முழுவதையும் இங்கே சொல்ல இடம் போதாது. தேவையானது கடைசி எழுத்து. ஏ என்றால் ஏசி மின்சாரத்தில் மட்டும் ஓடும். யூ என்றால் ஏசி, டிசி இரண்டிலும் ஓடும். பி என்றால் பேட்டரி. முதல் எழுத்து பி என்றால் மேசைப் பெட்டி, எல் என்றால் கையில் தூக்கிப் போவது. யூ என்று முடிவதைக் கண்டால் உடனே உஷாராகிவிடுங்கள், காரணம் கீழே இருக்கிறது.

வால்வில் என்ன படிக்க முடியும்?

கண்ணாடியின் மேல் இருக்கும் பெயரின் முதல் எழுத்தே நிறையச் சொல்லும். ஐரோப்பிய வால்வுகளில் ஈ என்று தொடங்கினால் 6.3 வோல்ட், டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பெட்டி என்று எதிர்பார்க்கலாம். யூ என்றால் எல்லா வால்வையும் வரிசையாகக் கோத்து மின்சாரத்தில் நேரே ஓட்டும் பெட்டி. டி என்றால் பேட்டரி பெட்டி.

பிலிப்ஸ், முல்லார்ட் வால்வுகளில் கண்ணாடியின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறியும் இருக்கும். உதாரணமாக இரண்டாம் வரியில் பி8சி2 என்று இருந்தால், பி என்பது இங்கிலாந்தின் பிளாக்பர்ன் தொழிற்சாலை, 8 என்பது 8-இல் முடியும் ஆண்டு, சி என்பது மூன்றாவது மாதமான மார்ச், 2 என்பது அந்த மாதத்தின் இரண்டாம் வாரம். முதல் எழுத்துக்குப் பதிலாக முக்கோணம் இருந்தால் ஹாலந்தின் ஹேர்லன், டி இருந்தால் ஹாம்பர்க், ஆர் இருந்தால் லண்டனை அடுத்த மிச்சம். எந்தப் பத்தாண்டு என்ற சந்தேகத்தை வால்வின் வகை பெரும்பாலும் தீர்த்துவிடும். டார்ச் லைட்டைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் குறி தெரியும், தேய்த்தால் போய்விடும்.

ஒரு வால்வை நம்பி முடிவு செய்யாதீர்கள். வால்வுகள் மாற்றப்படும் பொருள். மூன்று நான்கு வால்வுகள் ஒரே வருஷத்தைச் சொல்லி ஒன்று மட்டும் ஏழெட்டு வருஷம் தள்ளி நின்றால், பெட்டி பிறந்த காலமும் முதல் ரிப்பேர் நடந்த காலமும் சேர்ந்தே கிடைத்துவிட்டன.

இங்கே எந்த வீட்டில் இருந்தது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

வீட்டு எண் கிடைக்காது. எந்த மாதிரி வீடு என்பது பல சமயம் கிடைக்கும்.

என்னிடம் ஒரு பிலிப்ஸ் மேசைப் பெட்டி இருக்கிறது, லோரோங் கூலிட்டில் தரையில் விரித்த தார்ப்பாயிலிருந்து எடுத்தது. எண் ஏ என்று முடிகிறது, டயலில் நீண்ட அலை இல்லை. வயரின் நுனியில் பழைய உருண்டை முனை ப்ளக், கருப்பு பேக்கலைட். இன்று நாம் போடும் சதுர முனை ப்ளக் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே பெட்டி ஓய்ந்துவிட்டது, அல்லது அந்த வீட்டில் பழைய சாக்கெட்டே கடைசி வரை இருந்தது. பின் அட்டையைக் கழற்றினால் உள்ளே ஹாலந்துச் சாமான்களுக்கு நடுவே ஒரே ஒரு ஜப்பான் கெப்பாசிட்டர். ஈயம் வைத்த இடம் சுத்தமாக, பளபளவென்று இருக்கிறது. கைதேர்ந்தவர் பார்த்த வேலை. டயல் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில், சிற்றலை 41 மீட்டருக்குக் கொஞ்சம் தள்ளிச் சிவப்பு நகப்பூச்சால் மெல்லிய கோடு. முள்ளை எங்கே நிறுத்த வேண்டும் என்று படிக்கத் தெரியாத ஒருவருக்கோ, கண் மங்கிய ஒருவருக்கோ யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

மேல்பலகையில், சரியாக நடுவில், காசு அளவுக்கு ஒரு கறை. வார்னிஷ் அங்கே மட்டும் வெளிறி, ஓரத்தில் செம்மஞ்சள் துகள் மரத்தின் கோட்டுக்குள் ஏறியிருக்கிறது. தண்ணீர்க் கறை என்று கடைக்காரர் சொன்னார். பூதக்கண்ணாடியில் பார்த்தால் சந்தனமும் குங்குமமும். ஆயுத பூஜைக்கு வருஷா வருஷம் ஒரே இடத்தில் பொட்டு வைத்திருக்கிறார்கள். ஆக, அது தமிழர் வீடு, அல்லது தமிழர் கடை. சாண்ட் பேப்பர் போட்டு வார்னிஷ் அடித்திருந்தால் பெட்டி பளபளத்திருக்கும், அந்த வீடு போயிருக்கும்.

இப்படி ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அடையாளம் உண்டு. ஊதுபத்திப் புகை ஸ்பீக்கர் துணியின் ஒரு பக்கத்தை மட்டும் பழுப்பாக்கியிருந்தால் சாமி மேடை அந்தப் பக்கம் இருந்தது. அடியில் சீன எழுத்தில் பென்சில் குறிப்பு இருந்தால் பழுது பார்த்த கடைக்காரரின் கணக்காக இருக்கலாம். நட்டு, திருகாணி எல்லாம் துரு ஏறி மரம் மட்டும் நன்றாக இருந்தால் கடலோர வீடு என்று சந்தேகிக்கலாம். ஜாவி எழுத்தில் (அரபு எழுத்தில் எழுதும் மலாய்) பெயர் இருந்தாலும், சீன எழுத்தில் இருந்தாலும், வாசிக்கத் தெரிந்த நண்பரிடம் காட்டுங்கள். இந்தத் தீவில் அதற்கு ஆள் கிடைப்பதா கஷ்டம்?

தோட்டத்தில் கரண்ட் இல்லாத காலத்தில் ரேடியோ எப்படி ஓடியது?

பேட்டரியில். டிரான்ஸிஸ்டருக்கு முன்பே பேட்டரி வால்வுப் பெட்டிகள் உண்டு. டிகே96, டிஎல்96 போன்ற டி வரிசை வால்வுகளுக்கு 1.5 வோல்ட்டில் ஒரு பேட்டரியும் 90 வோல்ட்டில் ஒரு கனத்த பேட்டரியும் வேண்டும். எவர் ரெடி நிறுவனம் வெளிநாட்டுக்கு அனுப்பிய பேட்டரிகளில் பெரெக் என்ற பெயர் இருக்கும். பெட்டியின் உள்ளே அந்த அட்டையின் கிழிசல் ஒட்டியிருந்தால் பத்திரமாக விட்டுவிடுங்கள். பேட்டரி வால்வுப் பெட்டி இங்கே கிடைத்தால் தோட்டம், கம்பம் (மலாய்க் கிராமம்), மீனவர் குடியிருப்பு என்று மின்சாரம் எட்டாத இடம் ஒன்றைத்தான் நினைக்க வேண்டும். சாமான்யத்தில் கிடைக்காது. நான் மிகவும் மதிக்கும் வகை.

உள்ளே சிற்றலையைப் பிடிக்கும் கம்பிச் சுருளை வெட்டியிருக்கிறார்கள். ஜப்பான்காரன் காலமா?

இருக்கலாம். 1941 டிசம்பரில் பினாங்கு ஜப்பானியர் கைக்குப் போனது. ஆக்கிரமிப்புக் காலத்தில் வெளிநாட்டுச் சிற்றலை கேட்பது குற்றம், பெட்டிகளில் சிற்றலைப் பகுதியை முடக்கினார்கள். ஈப்போ அருகே பாப்பான் ஊரில் நர்ஸ் சிபில் காத்திகேசு பிபிசி கேட்க ரகசியமாக ஒரு பெட்டி வைத்திருந்ததும், அதற்கு ஜோசஃபின் என்று பெயர் சூட்டியதும், பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டதும் நாம் அறிந்த வரலாறு. அவருக்குப் பின்னர் ஜார்ஜ் பதக்கம் வழங்கினார்கள்.

ஆனால் வெட்டிய சுருள் மட்டும் சாட்சியாகாது. முதலில் பெட்டி 1941-க்கு முந்தையதா என்று வால்வுகளை வைத்துப் பாருங்கள். முந்தையது என்றால், வெட்டிய இடத்தில் பிறகு யாராவது ஈயம் வைத்துச் சேர்த்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். 1945-க்குப் பிறகு பலர் திரும்பச் சேர்த்துக்கொண்டிருப்பார்கள் என்பது இயல்புதானே. போருக்கு முந்தைய பெட்டி பினாங்கில் கிடைப்பதில் ஆச்சரியம் இல்லை. பினாங்கு வயர்லெஸ் சங்கம் 1934-லேயே இங்கே ஒலிபரப்பைத் தொடங்கிவிட்டது, அதில் தமிழ் நிகழ்ச்சியும் இருந்தது. ரேடியோ மலாயா வந்தது 1946-இல், அதுவும் சிங்கப்பூரில்.

டயலே இல்லை, ஒரு திருகு மட்டும் இருக்கிறது. இது என்ன ரேடியோ?

ரேடியோ இல்லை, ரீடிஃபியூஷன் பெட்டி. வயர் வழியாக வீட்டுக்கு வீடு நிகழ்ச்சி அனுப்பும் சேவை, 1949-இலிருந்து இங்கே நடந்தது. உள்ளே ஒரு ஸ்பீக்கரும் சத்தம் கூட்டிக் குறைக்கும் திருகும்தான். பாட வைக்க முடியாது, ஆனாலும் வாங்கி வையுங்கள். வேலைக்காகாது என்று குப்பையில் போட்டுப் போட்டுக் குறைந்துவிட்டது.

பினாங்கிலேயே செய்த ரேடியோ உண்டா?

உண்டு, ஆனால் மரப்பெட்டி வால்வு ரேடியோவாகத் தேடாதீர்கள். பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக மண்டலம் 1972-இல் தொடங்கியது. முதலில் வந்த எட்டு நிறுவனங்களில் பாஷும் கிளாரியனும் இருந்தன, இரண்டுமே கார் ரேடியோவுக்குப் பெயர் போனவை. பாஷின் கார் ரேடியோக்கள் பிளாவ்புங்க்ட் என்ற பெயரில் வந்தன. பழைய கார் ரேடியோவைச் சந்தையில் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அடியில் மேட் இன் மலேசியா என்று இருந்தால் நம் அக்காமார், சித்திமார் ஷிஃப்டில் உட்கார்ந்து கோத்ததாகவே இருக்கலாம். இவற்றை இப்போதே யாராவது ஒழுங்காகச் சேர்க்கத் தொடங்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அழகான வளைந்த மரப்பெட்டி, பழைய காலத்தது என்கிறார்கள். நம்பலாமா?

பக்கவாட்டில் கேசட் போடும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். டயலில் எஃப்எம் 88 முதல் 108 வரை இருந்து, தட்டினால் பலகை தூளாகும் அட்டையாக இருந்தால் அது முப்பதுகளின் தோற்றத்தில் பிற்காலத்தில் செய்த அலங்காரப் பொருள். வீட்டில் வைக்க நன்றாக இருக்கும். பழைய விலை கொடுக்காதீர்கள்.

பாடுமா என்று பார்க்க ஒருமுறை சொருகிப் பார்த்தால் என்ன?

வேண்டாம். கடைக்காரர் "பாஸ், போட்டுக் காட்டுறேன்" என்றாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

முதல் காரணம் உயிர். யூ வகைப் பெட்டிகளில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது, உள்ளே இருக்கும் இரும்புச் சட்டமே மின்சாரத்தின் ஒரு கம்பியோடு இணைந்திருக்கும். ப்ளக்கைத் திருப்பிப் போட்டாலோ, வயரை யாராவது மாற்றிப் பூட்டியிருந்தாலோ, சட்டத்தில் முழு 240 வோல்ட்டும் நிற்கும். கைப்பிடித் திருகு கழன்று விழுந்திருந்தால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புத் தண்டைத் தொடுவது மின்கம்பியைத் தொடுவதற்குச் சமம். இங்கிலாந்தின் புஷ் டிஏசி 90ஏ இந்த வகை. எல்லோரும் ஆசைப்படும் அழகுப் பெட்டி, அதனால்தான் பெயர் சொல்லி எச்சரிக்கிறேன்.

இரண்டாவது காரணம் பெட்டி. அந்தக் கால மெழுகுக் காகிதக் கெப்பாசிட்டர்கள் நம் ஊர் ஈரத்தில் கசியத் தொடங்கியிருக்கும். ஒலி வெளியிடும் வால்வுக்கு முன்னால் இருக்கும் கெப்பாசிட்டர் கசிந்தால் அந்த வால்வு அளவுக்கு மீறிச் சூடாகி, கூடவே டிரான்ஸ்ஃபார்மரையும் கொண்டுபோய்விடும். தெரிந்தவர்கள் அதை முதலில் மாற்றுவார்கள், பின்னால் இருக்கும் வோல்ட் தேர்வை அதிகபட்ச எண்ணில் வைப்பார்கள், 60 வாட் குண்டு பல்பு ஒன்றை வரிசையில் மாட்டி மெதுவாக ஏற்றுவார்கள். உள்ளே கோளாறு இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து காட்டிக் கொடுத்துவிடும். கழற்றிய பழைய கெப்பாசிட்டரைத் தூக்கிப் போடாமல் ஒரு கவரில் பெட்டிக்குள்ளேயே வையுங்கள், அதுவும் தடயம்தான். உதிரிப் பாகங்களுக்குக் கோலாலம்பூரில் ஜாலான் பசார் போனால் போதும்.

வால்வுக்கு மேலே சாம்பல் நிறத்தில் பஞ்சுபோன்ற தகடு இருந்தால் ஆஸ்பெஸ்டாஸாக இருக்கும். கிளறாதீர்கள்.

சரிசெய்த பெட்டியில் இப்போது என்ன கேட்பது?

பண்பலை உள்ள பெட்டி என்றால் கவலையில்லை. மத்திய அலை மட்டும் என்றால் இரவில் போட்டுப் பாருங்கள், தாய்லாந்து நிலையங்கள் வந்து விழும். பழைய டயலில் எழுதியிருக்கும் இடத்தில் நிலையம் இருக்காது. 1978 நவம்பரில் மத்திய அலை இடைவெளியை 9 கிலோஹெர்ட்ஸாக வகுத்தபோது பலதும் நகர்ந்துவிட்டன.

டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பெட்டிகளின் பின்னால் இசைத்தட்டுக்கென்று இரண்டு ஓட்டை இருக்கும். அதில் போனை இணைத்துப் பழைய பாட்டுப் போடலாம். யூ வகைப் பெட்டியில் இதைச் செய்யவே கூடாது.

எவ்வளவு கொடுக்கலாம்?

அன்றன்றைக்கு மாறும். என் வழக்கம் இது: டயல் கண்ணாடி முழுசாக, எழுத்தோடு இருந்தால் பேசிய விலைக்கு எடுப்பேன். கண்ணாடி உடைந்திருந்தால் எவ்வளவு பெயர் பெற்ற பெட்டியானாலும் பாதி விலைக்கு மேல் போகமாட்டேன். மரத்தைச் சரிசெய்யலாம், வால்வு வாங்கலாம், டயல் கிடைக்காது. ஏற்கெனவே யாரோ பளபளப்பாக்கிய பெட்டிக்கு கூடுதல் விலை கேட்பார்கள். எனக்கு அது குறைந்த விலைதான் பெறும்.

தாத்தா பெட்டி வீட்டில் சும்மா கிடக்கிறது. விற்றுவிடலாமா?

விற்பதும் வைப்பதும் உங்கள் விருப்பம். எதுவானாலும் அதற்கு முன் பாட்டியிடமோ பெரியம்மாவிடமோ கொஞ்ச நேரம் உட்காருங்கள். "ரேடியோ பத்திச் சொல்லுங்க" என்று பொதுவாகக் கேட்டால் "அது தாத்தாவோடது" என்பதோடு முடிந்துவிடும். குறிப்பாகக் கேளுங்கள். எந்த மூலையில் இருந்தது, யார் மட்டும் தொடலாம், ரேடியோ வைத்திருக்க அரசுக்குக் கட்டிய லைசென்ஸ் காசை யார் போய்க் கட்டியது, எந்த நேரத்துக்கு எந்த நிகழ்ச்சி, பக்கத்து வீட்டார் வந்து உட்காருவார்களா, கெட்டுப்போனால் யாரிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். ரிப்பேர் கடையின் தெருப்பெயர் ஒன்று கிடைத்தாலே பெரிய விஷயம்.

சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே தாளில் எழுதித் தேதி போட்டு, பின் அட்டையின் உள்பக்கத்தில் வால்வுச் சூடு படாத அடிமூலையாகப் பார்த்து நூலில் கட்டிவிடுங்கள். பசை வேண்டாம், கரப்பான் தின்றுவிடும்.